ஜெர்மனியில் படிக்க மாணவர் விசா: தமிழ்நாட்டு மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்களே மிகப் பெரிய குழுவினர். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே அவர்கள் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் நிறைய உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களும் துணிந்து பிள்ளைகளை அனுப்புகின்றன. கையிருப்பையும் கடனையும் சேர்த்துத்தான் அவர்கள் அந்த முடிவை எடுக்கிறார்கள் என்பதால், விசா விண்ணப்பத்தில் நேரும் சிறு பிழைகூட ஓர் ஆண்டையும் பெரும் தொகையையும் விழுங்கிவிடக்கூடும். கீழே உள்ள பதில்கள் அந்தக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொகைகளும் விதிகளும், வேறாகக் குறிப்பிடாத இடங்களில், 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டுள்ளன. பணம் கட்டுவதற்கு முன் ஜெர்மன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?

பாஸ்போர்ட்டில் தொடங்குங்கள். அது சரியாக இருந்தால் அடுத்து ஏ.பி.எஸ். சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படுவது), பிறகு பல்கலைக்கழக விண்ணப்பம், அட்மிஷன் கடிதம் வந்ததும் பிளாக்டு அக்கவுண்ட் (முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு), காப்பீடு, கடைசியாக விசா விண்ணப்பம் என்பதே இயல்பான வரிசை. பலரும் அட்மிஷன் கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்துவிட்டு, அட்மிஷன் கடிதம் கையில் இருக்கும்போது ஏ.பி.எஸ். இல்லாமல் தவிக்கிறார்கள். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கான பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான முதுநிலைப் படிப்புகள் பலவற்றின் கடைசித் தேதி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆகவே முந்தைய ஆண்டின் மழைக்காலத்திலேயே சான்றிதழ்களைத் திரட்டத் தொடங்குவது நல்லது. கோடைக்காலப் பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்குப் பொதுவான கடைசித் தேதி ஜனவரி 15.

ஏ.பி.எஸ். சான்றிதழ் என்பது என்ன? எல்லோருக்கும் கட்டாயமா?

நீங்கள் காட்டும் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்பதையும் அவை ஜெர்மனியில் உயர்கல்வி பயிலத் தகுதி தருகின்றன என்பதையும் ஆராய்ந்து உறுதிப்படுத்தும் அமைப்பே ஏ.பி.எஸ். இந்தியாவுக்கான அதன் அலுவலகம் புதுடெல்லியில் இயங்குகிறது. 2022 நவம்பர் 1 முதல், இந்தியாவில் படித்தவர்கள் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழை இணைப்பது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்வோருக்கும், ஜெர்மன் அரசு நிதியிலிருந்து வழங்கப்படும் உதவித்தொகை பெறுவோருக்கும் விலக்கு உண்டு.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியிருக்கும். இறுதிப் பருவத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதுவரை வந்துள்ள பருவ மதிப்பெண் பட்டியல்களைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். அரியர் இருந்து பின்னர் தேர்ச்சி பெற்றவர்கள் அந்தப் பருவத்தின் பழைய பட்டியலையும் தேர்ச்சி பெற்ற பட்டியலையும் சேர்த்தே வைக்க வேண்டும். அரியர் இருந்ததே விசாவுக்குத் தடையாகிவிடாது. அதை மறைக்க முயல்வதுதான் தடையாகும்.

பிளஸ் டூ முடித்தவுடன் இளநிலைப் பட்டத்துக்குப் போகலாமா?

நேரடியாகப் போவது பெரும்பாலோருக்கு இயலாது. நம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை மட்டும் ஜெர்மன் பல்கலைக்கழக நுழைவுக்குப் போதுமான தகுதியாக அங்கே பொதுவாக ஏற்பதில்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றவர்கள் தொழில்நுட்ப, அறிவியல் படிப்புகளில் சேர வழி உண்டு. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பில் ஓர் ஆண்டை வெற்றிகரமாக முடித்தவர்கள் அதே துறை சார்ந்த படிப்பில் சேரலாம். மற்றவர்கள் ஸ்டூடியன்கொல்லெக் எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பை அங்கே முடித்து, அதன் இறுதித் தேர்வில் தேற வேண்டும். இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில் நடப்பவை என்பதையும் சேர்த்து யோசித்தால், முதுநிலைக்குப் போவதே நம் மாணவர்களில் பலருக்கும் எளிய பாதை என்று சொல்வேன்.

என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கிறது. இது சிக்கலாகுமா?

தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி எழுகிறது. மற்ற மாநிலத்தவருக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு விடை கிடைப்பதில்லை. ஒரு மாணவரின் பத்தாம் வகுப்புப் பட்டியலில் ‘கார்த்திக் எஸ்’ என்றும், கல்லூரிப் பட்டச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’ என்றும், பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செல்வராஜ்’ என்றும் இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். அந்த ‘எஸ்’ அப்பாவின் பெயரான செல்வராஜைக் குறிக்கிறது என்பது நமக்குக் கேட்காமலே புரியும்; ஜெர்மன் அலுவலர் ஒருவருக்கு அது புரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் விதி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே எல்லா விண்ணப்பங்களுக்கும் அடிப்படை. ஏ.பி.எஸ்., பல்கலைக்கழக விண்ணப்பம், ஐ.இ.எல்.டி.எஸ். பதிவு, பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு, விசா என எங்கே பெயரைத் தட்டச்சு செய்தாலும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்து, இரண்டு பெயர்களும் முதற்பெயர் கட்டத்திலேயே இருக்குமானால், இணையப் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் மேலே நகர விடாது. ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறோரிடத்தில் வேறுவிதமாகவும் நிரப்ப நேரிட்டு, அட்மிஷன் கடிதமும் வங்கிச் சான்றும் வெவ்வேறு பெயர்களைத் தாங்கி வரும். நேரம் இருக்குமானால் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயரைச் சேர்த்து வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை. அது ஜெர்மனியில் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வசிப்பு அனுமதி என ஒவ்வொரு படியிலும் பின்னால் உதவும்.

இனிஷியலின் விரிவு மட்டுமே வேறுபாடு என்றால், இருவேறு வடிவங்களும் ஒரே நபரையே குறிக்கின்றன என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயர் இடம்பெறும் பிறப்புச் சான்றிதழையோ மாற்றுச் சான்றிதழையோ துணைக்கு வைக்கலாம். ஆனால் எழுத்துப் பிழையோ பெயர் மாற்றமோ இருந்தால் உறுதிமொழிப் பத்திரத்தை நம்ப வேண்டாம். பள்ளிச் சான்றிதழில் பிழை என்றால் அதைத் திருத்தி வாங்க வேண்டும். பெயரையே மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியான அறிவிப்பின் நகல் வேண்டும். இரண்டுக்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் பாஸ்போர்ட்டில் தொடங்குங்கள் என்றேன்.

பிளாக்டு அக்கவுண்டில் எவ்வளவு பணம் போட வேண்டும்?

ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ. அதாவது மாதம் 992 யூரோ. 2024 செப்டம்பர் 1 முதல் இத்தொகை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 11,208 யூரோவாக இருந்தது. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டாலே 11 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் ஆகிறது. இந்தப் பணம் அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கட்டும் கட்டணம் அல்ல, உங்கள் சொந்தப் பணம். நீங்கள் ஜெர்மனி சென்று அங்கே ஒரு வங்கிக் கணக்கைத் திறந்த பிறகு, மாதாமாதம் 992 யூரோ அந்தக் கணக்குக்கு வந்துசேரும். வாடகையும் சாப்பாடும் காப்பீடும் அதிலிருந்துதான். முதல் ஆண்டு முழுவதும் உங்களால் தாக்குப்பிடிக்க முடியும் என்று ஜெர்மன் அரசுக்குக் காட்டுவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ, கொராக்கிள் போன்ற நிறுவனங்களில் இந்தியாவிலிருந்தபடியே இணையம் வழியாகக் கணக்குத் திறக்கலாம். பணம் முழுதாகச் சேர்ந்ததும் அவர்கள் அனுப்பும் உறுதிச் சான்றையே விசா விண்ணப்பத்தில் இணைக்க வேண்டும். ‘முழுதாக’ என்பதைக் கவனியுங்கள். சரியாக 11,904 யூரோவும் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் மட்டும் அனுப்பினால், வழியில் உள்ள இடைநிலை வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, இருபது யூரோ குறைவாகப் போய்ச் சேரக்கூடும். அந்த இருபது யூரோவுக்காகச் சான்று நின்றுபோகும். மீண்டும் வங்கிக்குப் போய், மீண்டும் படிவம் நிரப்பி, மீண்டும் அனுப்புக் கட்டணம் கட்ட வேண்டிவரும். எல்லாக் கட்டணங்களையும் அனுப்புபவரே ஏற்பதாகப் படிவத்தில் குறிப்பிட்டு, ஐம்பது முதல் நூறு யூரோ வரை கூடுதலாக அனுப்புவது நல்லது. மிச்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கும், பின்னால் கைக்கு வரும்.

விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நாணய மாற்றத்திலும் வங்கிக் கட்டணத்திலும் கொஞ்சம் இழப்பு இருக்கும்.

கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் போதாதா?

வங்கி கடன் தர ஒப்புக்கொண்டது என்ற கடிதத்தை மட்டும் வைத்து விண்ணப்பிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கடன் தொகையை வங்கியிலிருந்து பிளாக்டு அக்கவுண்டுக்கு அனுப்பச் செய்து, அந்தக் கணக்கின் சான்றைக் காட்டுவதே பாதுகாப்பான வழி. கடன் கேட்கப்போகும்போதே, வாழ்க்கைச் செலவுத் தொகையை ஒரே தவணையில் பிளாக்டு அக்கவுண்டுக்கு அனுப்புவீர்களா என்று மேலாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். கல்லூரிக் கட்டணத்தைப் பருவத்துக்குப் பருவம் விடுவிக்கும் முறைக்கே பழகிய கிளைகள் சில, கல்விக் கட்டணமே இல்லாத பல்கலைக்கழகத்துக்கு எதற்குக் கடன் என்று திகைத்து நிற்பதுண்டு. பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குப் பொதுவாக வீடு, மனை, வைப்புத்தொகை போன்ற பிணை கேட்பார்கள். பிளாக்டு அக்கவுண்ட் தொகை மட்டுமே அந்த வரம்பைத் தாண்டுவதால், சொத்துப் பத்திரங்களின் சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ஆகும் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. ஜெர்மனியில் வசிக்கும் உறவினர் ஒருவர் தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் முறைப்படி பொறுப்பேற்பு உறுதிமொழி எழுதிக்கொடுத்தால், அதை நிதிச் சான்றாகக் காட்டலாம். அது வெறும் மரியாதைக் கடிதம் அல்ல. உங்களுக்காக அரசு செலவழிக்க நேர்ந்தால் அத்தொகையை அவரிடமிருந்து சட்டப்படி வசூலிப்பார்கள். ஆகவே சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கேட்பதற்கு முன் அந்தப் பொறுப்பின் கனத்தை அவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகையின் கடிதமும் நிதிச் சான்றாகலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தைப் பற்றி, தகுதியுள்ள குடும்பங்களிலேயே பலருக்கும் தெரிவதில்லை; அவசியம் விசாரியுங்கள்.

பணம் அனுப்பும்போது வங்கி வரி பிடிக்குமா?

ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். அவ்வாறு அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிக்கப்படும். 2025 ஏப்ரல் 1-க்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை. பிடித்த தொகை அனுப்பியவரின் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் கல்வி என்பதையே குறிப்பிடச் சொல்லுங்கள், ஏனெனில் நோக்கத்தைப் பொறுத்து வரி விகிதம் மாறும்.

கல்விக் கட்டணமே இல்லை என்பது உண்மைதானா?

பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்மை. பருவத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 350 யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. பல ஊர்களில் பேருந்து, ரயில் பயணச் சீட்டும் அதிலேயே அடங்கும். விலக்குகளை அறிந்துவைத்திருங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-18 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது; ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது.

ஜெர்மன் மொழி தெரியாமல் விசா கிடைக்குமா?

உங்கள் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதாக அட்மிஷன் கடிதம் சொன்னால், ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்றே போதும். ஜெர்மன் வழிப் படிப்பு என்றால் பல்கலைக்கழகம் கேட்கும் நிலைச் சான்று வேண்டும். ஆனாலும் ஆங்கில வழியில் படிக்கப் போகிறவர்களும் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலோ வேறு நல்ல வகுப்பிலோ ஏ2 என்னும் அடிப்படை நிலை வரையாவது படித்துவிட்டுப் போங்கள். வகுப்பறைக்கு வெளியே உள்ள வாழ்க்கை அத்தனையும் ஜெர்மனில்தான் நடக்கிறது.

நோக்கக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

இந்தப் படிப்பு, இந்தப் பல்கலைக்கழகம், இந்த நேரம் ஆகிய மூன்றும் உங்கள் வாழ்க்கையில் ஏன் பொருந்துகின்றன என்பதை ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கத்தில் எழுதுங்கள். விண்ணப்பத்திலேயே உங்கள் குரல் கேட்கும் ஒரே தாள் அதுதான். அந்தத் தாளைத்தான் பலர் கன்சல்டன்சியிடம் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் நாற்பது பேருக்கு எழுதிய அதே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் இரண்டாண்டு வேலை பார்த்த இயந்திரப் பொறியாளர் ஒருவர் ஆற்றல் பொறியியலில் முதுநிலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஜெர்மனி பொறியியலின் தாயகம், சிறு வயது முதலே எனக்கு இயந்திரங்கள் மீது பேரார்வம்” என்று தொடங்கும் கடிதம் எதையும் சொல்வதில்லை. “எங்கள் சோதனைக் கூடத்தில் நீர்மூழ்கிப் பம்புகளின் செயல்திறனை அளப்பது என் வேலை. இரண்டாண்டுகளில் வடிவமைப்பை மாற்றாமல் திறனை உயர்த்த முடியாத இடத்துக்கு வந்து நின்றோம். அந்த வடிவமைப்புக்கு வேண்டிய பாய்மவியல் கணிப்பு எங்கள் இளநிலைப் பாடத்திட்டத்தில் இல்லை. இந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் பருவத்தில் அந்தப் பாடம் இருக்கிறது” என்று எழுதினால், படிக்கும் அலுவலருக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

படிப்பு முடித்து இடைவெளி இருந்தால் அதை நேராகச் சொல்லுங்கள். அரசுத் தேர்வுக்குப் படித்தது, வீட்டில் நோயாளியைக் கவனித்தது, வேலை கிடைக்காமல் இருந்தது எல்லாமே மனித வாழ்க்கையில் நடப்பவைதான். விளக்கம் இல்லாத இடைவெளிதான் ஐயத்தைக் கிளப்பும். துறை மாறுகிறீர்கள் என்றால் அந்தத் திருப்பத்துக்கான காரணமும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை எங்கே, எப்படிச் சமர்ப்பிப்பது?

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வசிப்போருக்குப் பொறுப்பான அலுவலகம் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகச் சேவைத் தளத்தில் விண்ணப்பத்தை இணைய வழியில் நிரப்பி ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இந்த வசதி உலகெங்கும் உள்ள ஜெர்மன் விசா பிரிவுகளுக்கு வந்துவிட்டது. அதன்பின் நேரில் வரும் நாளில் அசல் ஆவணங்களையும் கைரேகையையும் கொடுக்க வேண்டும். சென்னையில் இந்த வரவேற்பு வேலையை வி.எஃப்.எஸ். மையம் பார்க்கிறது. முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. விசா கட்டணம் 75 யூரோ. அதை ரூபாயில் செலுத்த வேண்டும், மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

பாஸ்போர்ட் பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இரண்டு வெற்றுப் பக்கங்களாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதனுடன் புகைப்படம், அட்மிஷன் கடிதம், ஏ.பி.எஸ்., கல்விச் சான்றிதழ்கள், மொழிச் சான்று, நோக்கக் கடிதம், தன்விவரக் குறிப்பு, நிதிச் சான்று, காப்பீடு ஆகியவை வேண்டும். தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ மொழிபெயர்ப்பு தேவை.

எத்தனை நாளில் முடிவு வரும்?

சில வாரங்களில் வருவதும் உண்டு, மூன்று மாதம் ஆவதும் உண்டு. நீங்கள் படிக்கப்போகும் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தின் கருத்தைத் தூதரகம் கேட்க நேர்ந்தால் கூடுதலாக நாட்கள் பிடிக்கும். பருவத் தொடக்கம் நெருங்கிவிட்டால், தாமதமாகச் சேர அனுமதிப்பீர்களா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

எந்தக் காப்பீடு எடுக்க வேண்டும்?

இரண்டு தேவை. பயண நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் வரை பயண மருத்துவக் காப்பீடு. பதிவு செய்தபின் ஜெர்மன் சட்டப்படியான மருத்துவக் காப்பீடு. முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மாணவர் கட்டணம் உண்டு. மாதம் 140 யூரோவை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ வரும். விலை குறைவு என்று தொடக்கத்திலேயே தனியார் காப்பீட்டுக்குப் போய், பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்புக் காலம் முழுவதும் திரும்பி வர முடியாது. நாற்பது, ஐம்பது யூரோ மிச்சத்துக்காக இந்தக் கதவை அடைத்துக்கொள்ளாதீர்கள்.

கன்சல்டன்சி இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த வேலைக்கும் இடைத்தரகர் தேவையில்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நிறுவனத்தின் இணையதளத்தில் ஆங்கில வழிப் படிப்புகள் அனைத்தையும் கட்டணம் இல்லாமல் தேடலாம். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் தளம் வாங்கிச் சரிபார்க்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் கட்டணம்.

வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் யாரிடம் பணம் வாங்குகிறார் என்று கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்க்கைக்குத் தரகு கொடுப்பதில்லை. தனியார் நிறுவனங்கள் பல கொடுக்கின்றன. கட்டணமே இல்லாத நாட்டில், ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கேட்கும் தனியார் கல்லூரியை ‘உடனே அட்மிஷன்’ என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், காரணம் அங்கேதான் இருக்கும். தனியார் கல்லூரிகளிலும் நல்லவை உண்டு. ஆனால் அரசு அங்கீகாரம் உள்ளதா என்பதையும், வகுப்புகள் நேரில் நடக்கின்றனவா என்பதையும் உறுதிசெய்யாமல் முன்பணம் கட்டாதீர்கள். பெரும்பகுதி இணைய வழியில் நடக்கும் தொலைநிலைப் படிப்புக்கு மாணவர் வசிப்பு அனுமதி கிடைக்காது. போலி அனுபவச் சான்றையோ, சில நாட்களுக்கு மட்டும் நிரப்பிய வங்கிக் கணக்கையோ ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து அன்றே விலகிவிடுங்கள். பிடிபட்டால் தண்டனை மாணவருக்குத்தான்.

விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். படிப்பின் நோக்கத்தில் ஐயம், முந்தைய கல்வியோடு பொருந்தாத தேர்வு, போதாத நிதிச் சான்று, நம்ப முடியாத ஆவணங்கள் ஆகியவையே பொதுவானவை. தூதரகத்திலேயே மறுபரிசீலனை கோரும் பழைய நடைமுறை 2025 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இருக்கும் வழிகள் இரண்டு. ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். அல்லது குறையைச் சரிசெய்து, மீண்டும் கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆவணக் குறையால் மறுக்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது வழியே விரைவானது. அதே கடிதத்தையும் அதே ஆவணங்களையும் மீண்டும் கொடுப்பதால் பயன் இல்லை.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியக் குடிமக்கள் ஷெங்கன் சுற்றுலா விசாவில் சென்று அங்கே மாணவர் அனுமதிக்கு மாற முடியாது. ஊர் திரும்பி முறைப்படி, நீண்டகாலம் தங்குவதற்கான தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இலங்கையிலிருந்து விண்ணப்பிப்போருக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு, வேலை விதிகள் பொருந்தும். விண்ணப்பத்தைக் கொழும்பில் உள்ள ஜெர்மன் தூதரகம் கையாள்கிறது. இந்தியாவுக்கான ஏ.பி.எஸ். நடைமுறை இலங்கையில் படித்தவர்களுக்கு இல்லை.

படிக்கும்போது வேலை பார்த்தே செலவைச் சமாளிக்க முடியுமா?

2024 மார்ச் 1 முதல், மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி 1 முதல் மணிக்கு 13.90 யூரோ. சுயதொழிலாகக் கருதப்படும் வேலைகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதல் ஆண்டில் வேலை வருமானத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். மொழி தெரியாமல் முதல் பருவத்தில் வேலை கிடைப்பது கடினம். கிடைத்த வேலை படிப்பைத் தின்றுவிட்டால் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது, எத்தனை பாடங்களில் தேறினீர்கள் என்று கேட்பார்கள்.

ஜெர்மனி சேர்ந்தபின் விசா தொடர்பாக என்ன செய்ய வேண்டும்?

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் எழுதிக்கொடுக்கும் சான்று தேவை. தற்காலிகமாகத் தங்கும் இடத்தில் அந்தச் சான்று தருவார்களா என்று முன்பணம் கட்டுமுன்பே கேளுங்கள். பதிவு செய்து, வங்கிக் கணக்குத் திறந்து, பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின், வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் உள்ள விசா பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கே வழங்கப்படுகிறது. பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்க வாரங்கள் ஆகும். விசா காலாவதியாகும் தேதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை சட்டப்படித் தங்கலாம்; அந்தத் தேதி தாண்டிவிட்டால் நிலைமை சிக்கலாகிவிடும். ஆகவே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் உடனே திரும்பிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜெர்மன் பட்டம் பெற்றவர்கள் தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதங்கள் வரை வசிப்பு அனுமதி பெறலாம். அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கத் தடையில்லை. அப்போதும் உங்கள் செலவுக்குப் பணம் இருப்பதையும் மருத்துவக் காப்பீடு இருப்பதையும் காட்ட வேண்டும். மாணவர் காப்பீட்டுக் கட்டணம் பட்டத்தோடு முடிந்துவிடுவதால் மாதக் காப்பீட்டுத் தொகை உயரும். கடைசிப் பருவத்திலேயே அதற்காகக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.